ஒடுக்கப்பட்டோர் வரலாறும் சபைப் பதிவேடுகளும்

பாபிலோன் சிறையிருப்பினின்று திரும்பியோரின் அட்டவணை எஸ்றாவின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. பிரசங்கிகள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் அதிகாரம் அது. பெயர்களும் எண்ணிக்கைகளும் நிறைந்த அவ்வட்டவணையின் இறுதிப் பகுதியில் இரு வகுப்பாரைப் பற்றிய குறிப்புகள் வருகின்றன. ஒரு வகுப்பார் 652 பேர். தாங்கள் இஸ்ரவேலர் என்பதையே காட்ட இயலாதிருந்தவர்கள். மற்றொரு வகுப்பார் ஆசாரியரின் புத்திரர். தங்கள் வம்ச அட்டவணையைத் தேடியும் அது அகப்படாமற்போனவர்கள். ஆகையால் அவர்கள் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டார்கள். அவர்கள் ஆசாரியர் அல்லர் என்று எவரும் நிரூபித்ததாக வேதம் கூறவில்லை. ஏடு இல்லை என்பதே போதுமானதாயிற்று.

ஆவணக் காப்பகம் என்றவுடன் எழும்பூரிலுள்ள அரசு ஆவணக் காப்பகமே நம் நினைவுக்கு வரும். அரசாங்கம் மக்களைப் பற்றி எழுதி வைப்பது ஒரு வகை ஆவணம். ஒரு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே எழுதி, தானே சேர்த்து, தானே காப்பது வேறொரு வகை. முன்னதில் ஏழை எளியவன் பஞ்ச நிவாரணக் கூலியாகவும், குற்றஞ்சாட்டப்பட்டவனாகவும், குடிமதிப்புக் கணக்கில் ஓர் எண்ணாகவும் தோன்றுகிறான். பின்னதிலோ அவன் விண்ணப்பம் எழுதுகிறவனாகவும், வாதிடுகிறவனாகவும், பத்திரிகை நடத்துகிறவனாகவும் காணப்படுகிறான். இவ்விரண்டில் எது எஞ்சி நிற்கிறதோ, அதுவே பிற்காலத்தார் அவனைக் காணும் முகமாகிவிடுகிறது. போதகர்களாகிய நம் கையில் இவ்விரு வகைக்கும் இடைப்பட்ட ஆவணம் ஒன்று இருக்கிறது. அதுவே சபைப் பதிவேடு. அதனைக் குறித்துச் சிந்திக்குமுன் வேறு சில செய்திகளைக் காண்பது நலம்.

பொம்மிடி, சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, ஜோலார்ப்பேட்டை – சேலம் இருப்புப்பாதையில் அமைந்த ஊர். 1860-களின் தொடக்கத்தில் மதராஸ் ரயில்வே இவ்வழியே பாதை அமைத்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். அதற்கு முன் இப்பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்து மக்களின் பழைய நிலையை அறிய விரும்புவோர், லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸ் 1918-இல் வெளியிட்ட கெசட்டியரையும் நாடுகின்றனர். மலையாளிகளைப் பற்றியாயின் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளைப் புரட்டுகின்றனர். (இம்மலையாளிகள் கேரள நாட்டார் அல்லர், சேர்வராயன், கல்வராயன், சித்தேரி முதலிய மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடியினர்.) தங்கள் முன்னோராகிய அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சியிலிருந்து வந்து மலைக்கு ஒருவராகக் குடியேறினர் என்பது இம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அதனையும் ஆங்கில அதிகாரிகளின் நூல்களிலேயே நாம் படிக்கிறோம். இந்நூல்கள் உழைத்து எழுதப்பட்டவை, அவற்றை இகழ்வதற்கில்லை. எனினும் அவற்றில் பறையர், இருளர், மலையாளி ஆகியோர் பேசப்படுகிறார்களேயன்றிப் பேசுவதில்லை.

ஆவணத்தில் ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இம்மக்களே சான்று. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயருக்கு எதிரே சில மாவட்டங்களின் பெயர்கள் மட்டும் குறிக்கப்பட்டன. தருமபுரியும் சேலமும் அவற்றுள் அடங்கும். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழ்வோரோ, மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாத காரணத்தால் பழங்குடிச் சான்றிதழுக்காக நெடுங்காலம் போராட நேர்ந்தது.

இதே வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். ஆநிரை கவர்ந்தோரையும் மீட்டோரையும் பற்றிய அக்கல்வெட்டுகளில் அரசரல்லாத எளிய வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அண்டையிலுள்ள செங்கம் பகுதியில், எடுத்தனூரில், பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில், இறந்த வீரனோடு கள்வரைக் கடித்துக் காத்துநின்ற அவனுடைய நாயின் பெயரும் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். ஒரு நாயின் பெயரைக்கூட நூற்றாண்டுகள் கடந்து நாம் அறிகிறோம். அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் உழுத பண்ணையாட்களின் பெயர்களை எங்கே தேடுவது?

1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881-இல் அது 16 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவு. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். இறந்தோர், ஊரைவிட்டுச் சென்றோர், பிறவாமற்போனோர் யாவரும் அவ்வித்தியாசத்துள் அடங்குவர். இத்தனை பேருள் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்? எங்கேனும் ஒரு சிறு சபை இருந்து, அதன் உபதேசியார் அடக்கப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த ஒருவருக்குப் பெயர் இருக்கிறது. ஏனையோர் கழித்தற் கணக்கில் மறைந்துவிட்டனர்.

எழுதியிருந்தும் மறைந்தவை உண்டு. எழுதப்பட்டு, மறைந்து, மீண்டும் கிடைத்தவையும் உண்டு. பின்னதற்குத் தமிழகத்தில் தலைசிறந்த எடுத்துக்காட்டு, பண்டிதர் அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழாகும். 1907 ஜூன் 19-ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் பெயரில் இவ்வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கியது. 1914 மே மாதம் பண்டிதர் காலமாகும்வரை ஏழாண்டுக் காலம் அவரே அதனை நடத்தினார். அவருக்குப்பின் அவருடைய மகன் பட்டாபிராமன் சிறிது காலம் தொடர்ந்தார். பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் அதனை மீண்டும் வெளியிட்டார். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்கத்திற்குப் போன தொழிலாளரே அங்கு அதன் வாசகரும் புரவலருமாக இருந்தனர்.

இதற்கு முன்னரும் இச்சமுதாயத்தார் பத்திரிகை நடத்தினர் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைப்பது நன்று. 1885-இல் ‘திராவிட பாண்டியன்’ என்னும் இதழில் அயோத்திதாசரோடு இணைந்து உழைத்தவர் கிறிஸ்தவ ஊழியரான ஜான் ரத்தினம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாக வழங்கிய சொல்லைத் தலைப்பாக அச்சிடும் துணிவு அவருக்கு இருந்தது. அவ்வாண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் 112 அடி நீளமுடையதென்றும், 3,412 பேர் அதில் கையொப்பமிட்டனர் என்றும் 1939-இல் வெளியான தம் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தில் அவர் குறிப்பிடுகிறார். பேசத் தெரியாதவர்கள், பிறர் வந்து எழுப்பவேண்டியவர்கள் என்று இம்மக்களைப் பற்றி எழுதப்பட்ட அதே காலத்தில் நடந்தவை இவை.

அவ்வாறிருந்தும், நெடுங்காலம் தமிழக வரலாற்று நூல்களில் அயோத்திதாசரின் பெயர் அரிதாகவே காணப்பட்டது. இதற்குக் காரணம் ஆராய்ச்சியாளரின் வெறுப்பு மட்டுமே என்று கூறுவது எளிது. அது முழு உண்மையாகாது. அவர்கள் சென்று தேடும் நூலகங்களில் அவ்விதழ் வரிசையாக இல்லை. பெரிய மனிதரின் நூல்களைச் சேர்த்த நூலகங்களுக்கு ஒரு பைசாப் பத்திரிகை சேர்க்கத்தக்கதாகத் தோன்றவில்லை. அதனைக் காத்தவர்கள் அச்சமுதாயத்தின் குடும்பத்தாரும் பௌத்த சங்கத்தாருமே. அவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் அன்பு பொன்னோவியம். பல்கலைக்கழகப் பதவியோ ஆராய்ச்சி நிதியோ இல்லாமல், தேடித் திரட்டிய இதழ்களை அவர் தம்மிடம் வைத்துக் காத்தார். அவ்வாறு காக்கப்பட்டவற்றினின்றே ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். கிறிஸ்தவ சபைகளுக்குள் சாதி புகுந்ததைக் கடுமையாகச் சாடிய ஒருவரின் எழுத்துகளை ஒரு கிறிஸ்தவக் கல்லூரி வெளியிட்டது போற்றத்தக்கது. கத்தோலிக்கர் செய்தனர்; சீர்திருத்த சபையாராகிய நாம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும்.

தொகுதிகள் வெளிவந்தபின் நிகழ்ந்ததைக் கவனிக்கவேண்டும். ராஜ் கௌதமன் 2004-இல் தனி நூல் எழுதினார். 2005-இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. 2023-இல் சென்னையில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. ஜெ. பாலசுப்பிரமணியம், 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி 2017-இல் ஒரு நூல் வெளியிட்டார். மண்டபமும் அஞ்சல் தலையும் ஒருபுறம் இருக்கட்டும். தமிழ் இலக்கண இலக்கியத்தைத் தர்க்கித்த பண்டிதர், சித்த மருத்துவர், பத்திராதிபர் என ஓர் உருவம் மாணவர் முன் வந்து நின்றது. இரக்கத்திற்குரிய கூட்டம் என்ற பழைய சித்திரம் பின்வாங்கியது. அதைச் செய்தது புதிய கொள்கை எதுவுமன்று. வீட்டில் வைத்திருந்த பழைய தாள்கள். நியூயார்க் நகரில் ஆர்துரோ ஷோம்பர்க் என்னும் கறுப்பின அறிஞர் தம் மக்களின் நூல்களையும் கையெழுத்துகளையும் தாமே சேர்த்தார். 1926-இல் அத்தொகுப்பு அந்நகரப் பொது நூலகத்துக்குச் சென்று இன்றுவரை உலகத்தாருக்குப் பயன்படுகிறது. கறுப்பருக்கு வரலாறு இல்லை என்ற கூற்றுக்கு அவர் அளித்த பதில் அதுவே.

நிலத்தைப் பற்றியும் ஒரு சொல். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் பறையரின் நிலையைக் குறித்து எழுதிய அறிக்கையே, அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிறந்த 1010-ஆம் எண் அரசாணைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் வழிவகுத்தது. ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி முதலிய மிஷனெரிகள் அம்மாவட்டத்தில் கண்டு எழுதியவையும் அதற்குத் துணைநின்றன. பின்வந்த தலைமுறையில் நிலம் கைமாறியபோது, உரியவர் கையில் ஏடு இல்லை. பழைய நிலப்பதிவேட்டின் நகலைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. காரணையில் அந்நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து இருவர் உயிரிழந்தனர். எரேமியா ஆனதோத்தின் நிலத்தை வாங்கியபோது கிரயபத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னது வெறும் தீர்க்கதரிசன அடையாளம் என்று நாம் விளக்கம் கூறுகிறோம். நிலமற்றவன் அதனை வேறுவிதமாக வாசிப்பான்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். 1733 டிசம்பரில் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார் என்பதை இறையியல் மாணவர் அனைவரும் அறிவர். அப்போது அப்பட்டத்துக்கு எண்ணப்பட்ட மற்றொருவர் இராஜநாயக்கன். தஞ்சைப் படையில் பணிபுரிந்து, தமிழ் நற்செய்தி நூலை வாசித்துச் சீர்திருத்த சபைக்கு வந்த பறையர் அவர். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக அரும்பாடுபட்டவர். உயர்சாதி விசுவாசிகள் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற அச்சம் அவருக்குத் தடையாயிற்று. இதை நாம் அறிவது ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் தங்கள் மிஷன் தாள்களைப் பேணியதால்தான். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தபோதும் அப்படியே. பேராயரின் கடிதம் இருக்கிறது. எதிர்த்த தஞ்சை வேளாளக் கிறிஸ்தவரின் எழுத்துகள் இருக்கின்றன. யாருக்காக அச்சண்டை நடந்ததோ அவர்களுடைய குரல் மிக அரிதாகவே கேட்கிறது. சேலத்தில் 1827 முதல் லண்டன் மிஷன் பணி நடைபெற்றது. அம்மிஷனின் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் 1973 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழை, ஆப்பிரிக்கக் கல்வி நிலையத்தில் உள்ளன. அவை ஆங்கிலத்தில் மிஷனெரிகள் எழுதியவை. நம் மாணவர்களின் ஆய்வேடுகளோ அவற்றையே முதல் ஆதாரமாகக் கொள்கின்றன.

சபைப் பதிவேட்டை முதல் ஆதாரமாக எடுப்போர் குறைவு. அதில் வருணனை இல்லை, உருக்கம் இல்லை. நாள், பெயர், பெற்றோர், ஊர், தொழில், திருமுழுக்கு அளித்தவர் அவ்வளவே. ஆனால் அவ்வரிசையைப் பொறுமையோடு வாசிப்பவனுக்கு அது பேசும். ஒரே நாளில் ஒரே சேரியைச் சேர்ந்த பல குடும்பங்களின் பெயர்கள் வந்தால், அது தனி மனிதரின் மனமாற்றமன்று, ஓர் ஊரின் தீர்மானம் என்று அறிகிறோம். ‘சின்னப்பையன்’ என்றிருந்தவன் ‘சாமுவேல்’ ஆகி, அவன் மகன் திருமணப் பதிவில் ‘ஆசிரியர்’ என்று எழுதப்படும்போது, இரு தலைமுறை வரலாறு மூன்று வரியில் அடங்குகிறது. ஐந்து வயதுக்குள் அடக்கம் செய்யப்பட்ட குழந்தைகளை எண்ணினால் அவ்வூரின் தண்ணீரைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். வேறெந்த அலுவலகத்திலும் ஒரு பண்ணையாளின் மனைவியின் பெயர் நூறாண்டுக்கு முன் எழுதப்பட்டிருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

இதன் காவல் எவ்வாறுள்ளது? கம்பெனி, ஆங்கிலேய ஆட்சிக் காலங்களில் சென்னை மாகாணத்து ஐரோப்பியரின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் அவற்றைக் காணலாம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவின் நகலைப் பதிவாளருக்கு அனுப்ப நாமும் கடமைப்பட்டுள்ளோம். ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அத்தகைய ஏற்பாடில்லை. பெரும்பாலான கிராமச் சபைகளில் அது ஒரே பிரதி. கரையான் அரித்தால் அரித்ததுதான். ஆயர் மாறும்போது பெட்டியைத் திறந்து பாராமலே பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் வழக்கத்தையும் நாம் அறிவோம்.

பதிவேட்டைக் காப்பது நல்லதே என்று இவ்வளவில் முடித்துவிட்டால் இக்கட்டுரை எளிதாயிருக்கும். பொம்மிடிச் சுற்றுவட்டாரத்தில் பணி செய்கிற எவரும் அறிந்த ஒரு சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துக்களல்லாதார் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது; கிறிஸ்தவருக்குத் தளர்த்தப்படவில்லை. தமிழகத்தில் கிறிஸ்தவ ஆதி திராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். சேரியில் குடியிருப்பும் கிணறும் மயானமும் மாறவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. குழந்தையாயிருந்தபோது அவர் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் அதில் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, பாட்டனாருக்கு முதன்முதல் ஒரு பெயரையும் நாளையும் அளித்த அதே ஏடு பேத்தியின் படிப்பையும் வேலையையும் பறிக்கக்கூடும். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுங்கள், ஐயா, ஏட்டில் மட்டும் எழுதவேண்டாம் என்று கேட்கும் தகப்பனார்களைச் சில போதகர்கள் விசுவாசக் குறைவுள்ளோர் என்று கடிந்துகொள்கின்றனர். அது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஏட்டின் வல்லமையை நம்மைவிட நன்றாய் அறிந்தவர்கள்.

பொய்யாக எழுதலாகாது, எழுதாமல் விடுவதும் சபையின் ஒழுங்கன்று. ஆயினும் ஏடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தனி. அது ஆயருக்குச் சொந்தமன்று, பேராய அலுவலகத்துக்கும் மட்டும் உரியதன்று. அதில் பெயர் எழுதப்பட்ட குடும்பத்தாருக்கு உரியது. தம் குடும்பத்தின் பதிவைப் பார்க்கவும் நகல் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அந்நியர் எவரேனும் வந்து கேட்டால், நீதிமன்றக் கட்டளையின்றிக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. சமுதாய ஆவணம் என்பதன் பொருள், சேர்ப்பது மட்டுமன்று. யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அச்சமுதாயத்திடம் இருப்பதாகும்.

அவ்வதிகாரம் இல்லாதபோது நிகழ்வதை நம் வட்டாரமே கண்டது. பொம்மிடிக்குக் கிழக்கே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ஆம் நாள் சந்தனக் கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர் அவ்வூரினுள் புகுந்தனர். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்களும் சிறுவரும் உட்பட ஊரார் பலர் சிறையிலடைக்கப்பட்டனர். முதல் ஆவணத்தை எழுதியவர்கள் குற்றம் செய்தவர்களே. அவ்வாவணத்தின்படி அவ்வூரார் கடத்தற்காரர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தார் ஊராரின் வாய்மொழியைக் கேட்டு வெளிக்கொணர்ந்தனர். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணைய அதிகாரி பாமதி நேரில் சென்று அளித்த அறிக்கை அதனை உறுதிப்படுத்தியது. 1995-இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் நாளும் முகமும் மாறாமல் நினைவில் வைத்துச் சாட்சி கூறினர். அவர்களுடைய நினைவே அவ்வழக்கின் ஆவணக் காப்பகமாயிருந்தது. 1992-ஆம் ஆண்டின் நம் சபைக்குழுக் குறிப்பேடுகளில் வாச்சாத்தி என்னும் ஊர்ப்பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்ப்பது, இறையியல் மாணவர் ஒருவருக்கு ஏற்ற ஆய்வுப்பொருள்.

நகலெடுக்கும் பணி இன்று கடினமன்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் 97,000 நூல்களோடு எரிந்தபின், ஈழத்தமிழர் 2005 முதல் ‘நூலகம்’ என்னும் நிறுவனத்தின் வழியாகத் தங்கள் ஏடுகளைப் படமெடுத்துச் சேர்த்துவருகின்றனர். மலையகத் தோட்டத் தொழிலாளரின் ஆவணங்களும் அதில் இடம்பெறுகின்றன. நம் சபையிலுள்ள வாலிபர் ஒருவரின் கைபேசியே படமெடுக்கப் போதும். ஏட்டின் முதுகை வளைக்காமல், பகல் வெளிச்சத்தில், பக்க எண் தெரியும்படி எடுக்கவேண்டும், அவ்வளவே. பிரதியொன்று சபையிலும், மற்றொன்று இறையியல் கல்லூரியொன்றின் காப்பகத்தில் பூட்டி முத்திரையிட்டும் இருக்கலாம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இத்தகைய காப்பகம் நெடுநாளாக உண்டு.

படமெடுத்ததைப் பார்த்து எழுத்தில் பெயர்த்தெழுதுவோர் ஒன்றில் கவனமாயிருத்தல் வேண்டும். பழைய ஏடுகளில் சாதிப் பெயரும் ‘பண்ணையாள்’, ‘கூலி’, ‘வெட்டியான்’ என்ற தொழிற்பெயரும் பச்சையாக எழுதப்பட்டிருக்கும். படித்து முன்னேறிய பேரப்பிள்ளைகள் சிலர் அவற்றை நீக்கிவிடுமாறு கேட்கின்றனர். அவர்களுடைய மனவேதனை புரிகிறது. இருப்பினும் எழுதியிருப்பதை எழுதியபடியே பெயர்த்தெழுதுவதுதான் முறை. வேண்டுமாயின் எதிர்ப்பக்கத்தை வெறுமையாய் விட்டு, அக்குடும்பத்தார் தங்கள் முன்னோரைப் பற்றி அறிந்ததைத் தங்கள் கையாலேயே நாளும் பெயருமிட்டு எழுதச் சொல்லலாம். பென்சிலால் எழுதவேண்டா, மை நல்லது.